மூச்சுக்கு ஒரு மூட்டை

மலை சரிந்து வந்து ரோட்டையும் மின்கம்பங்களையும் ஒரே வாயாக விழுங்கிய பிறகு, வெள்ளக்கல் தோட்டத்துக் கீழ் டிவிசனில் ஆளுக்கோர் இழப்பு இருந்தது. ஒருத்திக்குக் கோழிகள் போயின. ஒருவனுக்கு முச்சக்கர வண்டி போனது. பெரியாயியிடம் கேட்டால், "எனக்குக் கரண்டு போச்சு" என்பாள். அது எல்லாருக்குந்தானே போச்சு என்று திருப்பிச் சொன்ன புத்திசாலிகளும் இருந்தார்கள். எல்லாருக்கும் கரண்ட் என்றால் விளக்கு. அவளுக்குக் கரண்ட் என்றால் வீரய்யா.

அவளுடைய புருஷன் வீரய்யா பாதி வாழ்க்கையைத் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்படியில் நின்றே முடித்தவர். விறகு தள்ளித் தள்ளித் தேயிலை நன்றாகக் காய்ந்தது. அதோடு சேர்ந்து அவருடைய நெஞ்சும் காய்ந்துபோனது. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு மெசினைக் கையில் கொடுத்து, மூக்கில் குழாயை மாட்டி, இனி இதுதான் உங்களுக்குத் துணை என்று அனுப்பிவைத்தார்கள். சின்ன சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. சுவரில் செருகினால் காற்றை வடிகட்டி ஒட்சிசனாகக் கொடுக்கும். லயத்து வரிசை வீடுகளில் அதற்கு மூச்சு மெசின் என்று பெயர். இப்போது சுவர் இருந்தது, கரண்ட் இல்லை. மூச்சு மெசின் மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தது. வீரய்யா கட்டிலில் தலையணை இரண்டை அண்டைகொடுத்துச் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் இருந்த ஒரே ஜெனரேட்டர் மண்ணுக்கு அடியில் கிடந்தது. சோலர் தகடு வைத்திருந்த வீட்டுக்காரர்கள்கூட வானத்தைத் திட்டினார்கள். வாரக்கணக்கில் வெயில் என்ற ஒன்று மடுல்சீமைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டோலி கட்டி லுணுகலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றால் பாதை எங்கே இருக்கிறது? மிச்சமிருந்தது தேயிலைக்கு நடுவில் மேல் டிவிசனுக்கு ஏறும் படி ஒன்றுதான். அதுவும் பாதி இடிந்து, ஒருவர் பின் ஒருவராகச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறலாம் என்ற நிலை. நாலு பேர் தோள்கொடுக்க அங்கே இடமில்லை. ஏறிப் போனாலும் மேல் ரோடும் மூடித்தான் கிடந்தது.

பெரியாயி யாரிடமெல்லாமோ போய் நின்றாள். கடைசியில் அடுத்த காம்பரா அறையில் இருந்த அஜந்தனிடம் போனாள். அவன் லுணுகலையில் லொறி திருத்துகிறவன். லீவுக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவன்.

"தம்பி, எதாச்சும் பண்ணு. ஒனக்குத்தான் இந்த வயரு, பெட்டரி எல்லாம் தெரியுமே."

அவன் வாசலில் நின்று கொழுந்துக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். மேல் மலையிலிருந்து கீழே கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம் வரை, பள்ளத்துக்குக் குறுக்கே அந்தரத்தில் இழுத்துக் கட்டிய இரண்டு இரும்புக் கம்பிகள். மேலே ஒரு பெரிய சக்கரம், கீழே ஒரு பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் இழுகம்பி ஒன்று. மேல் மலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டால், ஒரு பக்கம் சாக்கு இறங்கும், மறு பக்கம் வெறுங்கொக்கி ஏறும். மேலே கட்டை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மலை சரிந்த அன்றும் அந்தக் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அத்தே, பாரம் எறங்குனா அடிச் சக்கரம் சுத்தும். அதுல ஒரு பெல்ட்டப் போட்டு லொறி டைனமோவச் சுத்த வச்சா கரண்டு வரும். எங்கிட்ட டைனமோவும் இன்வேட்டரும் இருக்கு."

"எந்தப் பாரம்டா? கொழுந்துதான் எடுக்கலயே."

"கல்லு. பகல்ல மேல ஏத்தி அடுக்கி வச்சிக்குவோம். மாமாவுக்கு முடியாம வர்றப்ப ஒண்ணொண்ணா எறக்குவோம். மேல இருக்க ஒவ்வொரு மூட்டையும் சேத்து வச்ச கரண்டுதான். அது வடியாது, கெட்டும் போகாது."

கேட்டவர்கள் இரண்டு பக்கமும் பேசினார்கள். கல்லை எதற்குச் சுமக்க வேண்டும், மேலேயே மண்ணை வெட்டிச் சாக்கில் போட்டால் என்ன என்றார் ஒருவர். அவர் வாயை மற்றவர்களே அடைத்தார்கள். மேல் மலையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. அங்கே ஒரு மண்வெட்டி விழுந்தாலும், கல்கட்டிலிருந்து ஒரு கல்லை உருவினாலும், மிச்ச மலையும் லயத்தின் மேல் வந்து உட்காரும். தண்ணீர் நிரப்பலாம் என்றால் மேலே இருந்த தொட்டி பிளந்து கிடந்தது. ஆகவே சரிந்து விழுந்த குவியலிலிருந்துதான் கல் பொறுக்க வேண்டும். கீழே வந்த மலையை மறுபடி தலையில் தூக்கி மேலே கொண்டுபோய் வைக்கிற வேலை. இதைவிடக் கேலியான வேலை அந்தத் தோட்டத்தில் யாரும் செய்ததில்லை. ஆனாலும் மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி பெண்களும் ஆண்களும் சாக்கோடு வந்து நின்றார்கள்.

ஒரு தலைச்சுமை இருபத்தைந்து கிலோ. அதை யாரும் நிறுக்கவில்லை. கொழுந்து சுமந்த கழுத்துக்கு அந்த எடை தெரியும்.

அஜந்தன் சக்கரத்துக்குப் பக்கத்தில் டைனமோவைக் கட்டினான். வயர் நீளம் போதாததால் வீரய்யாவைக் கட்டிலோடு மடுவத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் பெரியாயி மேலே நின்று முதல் மூட்டைகளை மாட்டி பிரேக்கை விட்டாள். கீழே மெசின் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது என்றும், மாமாவின் நகத்தில் சிவப்பு ஏறியது என்றும் அஜந்தன் பிறகு சொன்னான். லயமே சிரித்தது. பெரியாயி மட்டும் அழுதாள்.

சிரிப்பு அதிக நாள் தாங்கவில்லை. மெசின் குடிக்கிற கரண்ட் கொஞ்ச நஞ்சமல்ல. லயத்துச் சனம் விடிந்ததிலிருந்து சுமந்து குவித்த கல்லையெல்லாம் இறக்கினால், வீரய்யாவுக்கு ஒரு மணி நேர மூச்சுகூட முழுசாகத் தேறவில்லை. அஜந்தனுக்கு அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

"கல்லுல அவ்வளவுதான் அத்தே இருக்கு. எம்புட்டு ஒசரம் தூக்குனாலும் அவ்வளவுதான்."

"ஒரு மணி நேரம் கெடைக்குதுல்ல? அது போதும். கொஞ்சங் கொஞ்சமாக் குடுப்போம்."

உதடு நீலம் பாயும்போது நாலு மூட்டை, கண் செருகும்போது ஆறு மூட்டை என்று கொடுத்தார்கள். சோறு ஊட்டுவதைப்போல மூச்சு ஊட்டினார்கள். அஜந்தன் வைத்திருந்த பழைய பெட்டரி அந்தக் கரண்டில் ஒரு வாய் மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும்; கொஞ்ச நேரத்தில் அதுவும் காலி.

நாள் போகப் போக ஆள் குறைந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. அரிசி தீர்ந்துகொண்டிருந்தது, வெறும் வயிற்றோடு எத்தனை தடவை மலை ஏறுவது? தன் வீட்டு மண்ணை அள்ளிப் போடவே நேரமில்லாதவர்கள் எத்தனை நாள் அடுத்தவன் மூச்சைச் சுமப்பார்கள்? பெரியாயி அவர்கள் பங்கையும் சேர்த்துச் சுமந்தாள். கழுத்து வீங்கிப் போனது. குனிந்தால் நிமிர முடியவில்லை. படியில் ஒரு இடத்தில் உட்கார்ந்து, இனி என்னால் ஆகாது சாமி என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகு பயந்துபோய், அந்த வார்த்தையை யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி சாக்கைத் தூக்கினாள்.

"போதும் புள்ள, நிப்பாட்டு" என்றார் வீரய்யா. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நிறைய நேரம் ஆனது. "நீ தூக்குறதப் பாத்தாத்தான்... எனக்கு மூச்சு வாங்குது."

"பேசாம இருங்க. பேச்சுக்கு வேற கல்லு சொமக்கணுமா நான்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அன்று சாயங்காலம் மேலே அடுக்கியிருந்ததில் மூன்று மூட்டை தவிர எல்லாவற்றையும் இறக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் அவர் பேசவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தார். விரல் நகமெல்லாம் நாவற்பழம் தின்ற வாய்போல் இருந்தது. கல் சுமக்க வந்தது தனுஜா ஒருத்திதான். லயத்துக் கடைசி காம்பராவில் இருப்பவள், கைக்குழந்தைக்காரி. அவள் முதல் மூட்டையோடு ஏறப் போனவள், மேலே வண்டிச் சத்தம் கேட்டு, மூட்டையைப் பாதிப் படியில் போட்டுவிட்டு ஓடி, பிறகு தலைதெறிக்க இறங்கி வந்தாள்.

"அக்கா, மேல் ரோட்டத் தொறந்துட்டாங்க. நம்ம பஸீல் நானா வேன் வந்து நிக்குது. கொண்டாந்த சாமானயெல்லாம் மேல் டிவிசன் கோயில்ல எறக்கிட்டாரு. மழைக்கு முந்தி திரும்பிப் போகணுங்குறாரு. மழ வந்தா மறுபடி மூடிருமாம். மாமாவக் கொண்டாங்க, லுணுகலை ஆஸ்பத்திரியில விட்டுர்றேன்னு சொல்றாரு."

பஸீல் லுணுகலைக் கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர். பெரியாயி சம்பளத்தன்று அரிசி வாங்குவது அவரிடம்தான். அந்த நேரத்தில் அவர் பெயர் அவளுக்குச் சாமி பெயராகக் கேட்டது. ஆனால் வேன் நிற்பது மேலே, வீரய்யா கிடப்பது கீழே.

"நா முதுகுல தூக்கிட்டு ஏறுறேன்" என்றான் அஜந்தன். சொன்னவனே படியைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். ஆளைச் சுமந்துகொண்டு அந்தப் படியில் ஏற ஒரு மணி நேரமாவது ஆகும். மெசின் இல்லாமல் அவர் அதில் பாதி நேரம்கூடத் தாங்க மாட்டார்.

பெரியாயிதான் கம்பியைக் காட்டினாள்.

"கல்லு எறங்குனா இந்தப் பக்கம் கொக்கி சும்மாத்தானே மேல போகுது. அதுல அவர மாட்டு."

கொழுந்துக் கம்பியில் மனுஷர் ஏறக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். மடுவத்துச் சுவரில் சிங்களத்திலும் தமிழிலும் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அஜந்தன் அதைப் பார்த்தான், வீரய்யாவைப் பார்த்தான். கரண்ட் ஆக்கினால் அந்த மூன்று மூட்டையில் அஞ்சு நிமிச மூச்சு வரும். அப்படியே ஆளைத் தூக்கினால் ஆள் மேலே போய்ச் சேருவார். மெசினையும் இன்வேட்டரையும் கூடவே அனுப்பிவிட்டால் வேனின் பெட்டரியில் மாட்டிவிடலாம், ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடும். கம்பியில் போகிற நேரம் மட்டும் அவர் தம் கட்டிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அஜந்தன் அவருடைய காதில் சத்தமாகச் சொன்னான். வீரய்யா கண்ணைத் திறந்தார்.

"கல்லு போற வழி... நா போனா என்ன" என்றார்.

கொழுந்து கட்டும் நைலோன் வலைக்குள் பலகை ஒன்றைப் போட்டு, கம்பளியைச் சுற்றி அவரை உட்காரவைத்தார்கள். மெசினும் இன்வேட்டரும் அவர் மடிக்கும் காலுக்கும் நடுவில். எடை தெரிந்தாக வேண்டும். மேலே மாட்டுகிற பாரம் குறைந்தால் ஆள் ஏற மாட்டார். அளவுக்கு மிஞ்சினால் பிரேக் பிடிக்காமல் போய்ச் சக்கரத்தில் மோதுவார். கொழுந்து நிறுக்கும் தராசு தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நிறுக்கிறவரும் பக்கத்திலேயே நின்றார்.

கணக்கப்பிள்ளை ஜெயகுமார் கெட்டவர் இல்லை. அந்த நாட்களில் அவரும் கல் சுமந்தவர். ஆனால் தராசுக்கு முன்னால் நின்றால் அவர் ஆளே வேறு. சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பார். கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்கு மூன்று கிலோ கழிப்பார். மழைக்காலத்தில் வானத்தையும் சேர்த்தா நிறுக்கச் சொல்றீங்க என்று கேலி வேறு செய்வார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். முள் காட்டுவது ஒன்று, வாய் சொல்வது இன்னொன்று. வாய் சொல்வதே எடை என்று பெண்கள் பழகிப் பல காலம் ஆகிறது.

வலையைத் தராசுக் கொக்கியில் மாட்டினார்கள். வீரய்யா கொழுந்துச் சாக்கைப்போல் லேசாகச் சுற்றினார். மடுவத்துக் கூரை ஒழுகி நனைந்திருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜெயகுமார் முள்ளைப் பார்த்தார், உதடு மெல்ல அசைந்தது.

"அறுவத்தி மூணு" என்றார்.

"மேல மூணு மூட்ட இருக்கு, எழுவத்தஞ்சு" என்று அஜந்தன் வாய்விட்டுக் கணக்குப் போட்டான். "கம்பி இழுக்குறதுக்குப் பத்துக் கிலோ கூட இருந்தாப் போதும். சரியா இருக்கு அத்தே. பாதிப் படியில கெடக்குற மூட்டையத் தூக்க வேணாம். நீங்க வெறுங்கையோட ஓடுங்க. நீங்க மேல போய் நின்னதும் மெசின நிப்பாட்டி அனுப்புறேன். பெட்டரியில கொஞ்சம் இருக்கு, அதுவரைக்கும் தாங்கும்."

பெரியாயி ஓடினாள். தனுஜா பின்னால் ஓடினாள். கழுத்தில் பாரம் இல்லாததால் படி காலுக்குக் கீழே தானாக நழுவிப் போனது. வழியில் தனுஜா போட்டுவிட்டு வந்த மூட்டை குறுக்கே கிடந்தது. பெரியாயி அதைத் தாண்டிக்கொண்டு போனாள்.

மேலே பஸீல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காத்து நின்றார். பருத்த மனிதர். வேனை ரோட்டு வளைவில் திருப்பி நிறுத்தி வைத்திருந்தார்.

"கெதியா, தங்கச்சி. அங்கால கறுத்துக்கிட்டு வருது."

மூன்று மூட்டையையும் அவளும் தனுஜாவும் கொக்கியில் மாட்டினார்கள். கீழேயிருந்து ஜெயகுமாரின் விசில் கேட்டது. ஆளை மாட்டியாயிற்று என்று அர்த்தம். மெசின் நின்றுவிட்டது என்றும் அர்த்தம். பெரியாயி பிரேக்கை விட்டாள்.

மூட்டைகள் சரசரவென்று இறங்கின. சக்கரம் பாடிக்கொண்டு சுற்றியது. மூடுபனிக்குள் மறு பக்கக் கம்பி அதிர்ந்தது. வருகிறார், வந்துவிடுவார். அவள் பிரேக் கட்டையை மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைக்கக்கூடப் பார்த்தாள். பிறகு அவள் குறைக்காமலேயே வேகம் குறைந்தது. சக்கரம் முனகியது. ஒரு சுற்று, அரைச் சுற்று, கால் சுற்று. நின்றுவிட்டது.

கம்பி நடுவில் தொய்ந்திருந்தது. மூட்டைகள் தொய்வில் போய்ப் படுத்துவிட்டன, இழுக்கிற வலு போய்விட்டது. மறு பக்கம் வீரய்யாவுக்கு முன்னால் செங்குத்தான ஏற்றம் மிச்சம் இருந்தது. பனி விலகிய ஒரு நொடியில் வலை தெரிந்தது. பள்ளத்துக்கு மேலே, யாரும் போய்த் தொட முடியாத இடத்தில், அசையாமல் தொங்கியது.

"இழுங்க" என்றாள் பெரியாயி. மூன்று பேரும் இழுகம்பியைப் பிடித்து இழுத்தார்கள். கிரீஸும் மழையும் ஊறிய கம்பி கைக்குள் வழுக்கிக்கொண்டே போனது. பஸீலின் உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. அவர் ஓடிப்போய் வேனின் மேலதிகச் சில்லை, மாற்று டயரை, கழற்றி உருட்டிக்கொண்டு வந்தார். அதையும் கொக்கியில் மாட்டினார்கள். சக்கரம் கொஞ்ச தூரம் சுற்றியது. எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. மறுபடி நின்றது.

"வேற என்ன இருக்கு வேன்ல?"

"ஒண்டும் இல்ல தங்கச்சி. எல்லாம் எறக்கிட்டனே. சாமானுக்குக் கோயிலுக்குத்தான் போகணும்."

கோயில் அரைக்கட்டை, அரை மைல் தூரம். பெரியாயி கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். அஜந்தன் பிசகமாட்டான். எழுபத்தைந்தில் அறுபத்து மூன்று போனால் பன்னிரண்டு மிச்சம் இருக்க வேண்டும், தாராளமாக இருக்க வேண்டும். அறுபத்து மூன்று. அதைச் சொல்வதற்கு முன் ஜெயகுமாரின் உதடு அசைந்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. இத்தனை வருசமாக அந்த உதட்டைப் பார்த்தவள், இன்று அதைப் பார்த்தும் யோசிக்காமலே வந்துவிட்டாள்.

"கழிச்சிட்டான்" என்றாள்.

"யாரு, அக்கா?"

"கணக்கப்புள்ள. சாக்குக்கும் தண்ணிக்கும் கழிச்சிட்டுச் சொல்லிருக்கான். நானும் கேட்டுக்கிட்டு வந்துட்டேன். அந்த மூட்டையத் தாண்டிக்கிட்டு வந்துட்டேன் தனுஜா."

அவள் அழவில்லை; அழவும் நேரம் இல்லை, பாதிப் படிக்கு இறங்கி அந்த மூட்டையைத் தூக்கி வரவும் நேரம் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து இரண்டாக மடித்தாள். மேலே கிடந்த கல் சுமக்கும் கயிற்றை அதன் இரு பக்கமும் முடிந்தாள். அதில் தன்னை உட்காரவைத்து இடுப்போடு இறுக்கிக்கொண்டு, அடுத்த கொக்கியைக் கையில் பிடித்தாள்.

"என்ன செய்யுறீங்க?" என்றார் பஸீல். "விடுங்க, நான் போறன். நான்தான் பாரம்."

"நீங்க போனா வேன யாரு ஓட்டுறது?"

தனுஜா வாயைத் திறந்தாள். "ஒனக்குக் கைப்பிள்ள இருக்கு, பேசாம பிரேக்கப் பிடி" என்று பெரியாயி அதட்டினாள். "நா மாட்டுனதும் வேகமா போகும், அமுக்கிப் பிடிச்சிக்க. அவரு மேல வந்ததும் பிரேக்குக்குக் கட்டையக் குடுத்துட்டு, ரெண்டு பேருமாத் தூக்கிட்டுப் போய் மெசின மாட்டுங்க. என்னையப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க."

கொக்கியைக் கம்பியில் மாட்டி, மேடையின் விளிம்பிலிருந்து காலை எடுத்தாள்.

கீழே ஒன்றும் இல்லை. கயிறு இடுப்பை அறுத்தது. சக்கரம் முதலில் தயங்கி, பிறகு ஓடியது. பிறந்ததிலிருந்து பாரம் தூக்கியவள், இப்போது தானே பாரமாகி இறங்கினாள். பயத்தில் குலதெய்வத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை. பனிக்குள்ளிருந்து வலை அவளை நோக்கி ஏறி வந்தது.

அவர் தலை தொங்கியிருந்தது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மெசினைக் குழந்தையைப்போல் அணைத்திருந்தார். கை நீட்டினால் எட்டாத தூரத்தில், அடுத்த கம்பியில், அவர் அவளைக் கடந்தார்.

"இந்தாங்க. இங்க பாருங்க. கண்ணத் தொறங்க."

திறந்தார். அந்தரத்தில் தன்னெதிரே தொங்குகிற பெண்சாதியைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினாரா, போய் வருகிறேன் என்று ஆட்டினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் அவர் பின்னால் போய்விட்டார். அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் சக்கரம் நின்றது. அவர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று புரிந்தது. அவள் பள்ளத்துக்கு மேலே அப்படியே தொங்கினாள். ஓடுகிற கால் சத்தம் கேட்டது. பஸீல் அல்லாஹ்வைக் கூப்பிடுவது கேட்டது. வேனின் கதவு திறந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தாள். சாமி, ஒரு சத்தம் வரட்டும், எதாவது ஒரு சத்தம் வரட்டும் என்று கெஞ்சினாள்.

"அக்கா" என்று தனுஜாவின் குரல் மேலேயிருந்து வந்தது. "மெசின் ஓடுதுக்கா. மாமாவுக்கு மூச்சு வருது. ஒங்களத்தான் கேக்குறாரு."

பெரியாயி இப்போது அழுதாள். அந்தரத்தில் துடைக்க ஒரு கைகூட இல்லாமல், மூக்கும் கண்ணும் ஒழுக அழுதாள்.

"கூட யாரு போறது?"

தனுஜா பிரேக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"யாருமில்லக்கா. நா போய்ட்டா பிரேக்கு யாரு பிடிக்கிறது? பஸீல் நானா மட்டுந்தான் கூட்டிட்டுப் போறாரு. மழ வந்துருச்சு, நிக்க ஏலாதாம்."

"என்னைய மேல இழு தனுஜா. நானும் போயிர்றேன்."

"எதப் போட்டு இழுக்குறதுக்கா? பாரமெல்லாம் கீழ போயிருச்சே. கீழதான் விட முடியும்."

வேன் புறப்படும் சத்தம் கேட்டது. வளைவில் கியர் மாறுவதும், ஏற்றத்தில் எஞ்சின் இரைவதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டன. பிறகு மழைச் சத்தம் எல்லாவற்றையும் மூடியது. தனுஜா பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். வேன் போன பக்கம் மேலே இருக்க, பெரியாயி அதிலிருந்து விலகி விலகிக் கீழே இறங்கினாள்.

மடுவத்தில் அஜந்தன் அவளைப் பிடித்து இறக்கிக் கயிற்றை அறுத்துவிட்டான். இடுப்பைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்தது. வலை பாதியில் நின்றபோதே ஜெயகுமாருக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் தராசுக்கு அடியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, பழக்கத்துல வந்துருச்சுக்கா. அறுவத்தெட்டு இருந்துச்சு. வாய் தானா கழிச்சிருச்சு."

பெரியாயி அவரையே பார்த்தாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"முப்பது வருசமா எங் கொழுந்தக் கழிச்சீங்க, நா ஒரு வார்த்த கேக்கல" என்றாள். "கேட்டிருக்கணும். அன்னைக்கே கேட்டிருந்தா, இன்னைக்கு அவரு கையப் பிடிச்சிக்கிட்டு வேன்ல போயிருப்பேன்."

பிறகு படங்குச் சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். மழை பிடித்துவிட்டதே, மேல் ரோடு மூடியிருக்குமே அத்தே என்று அஜந்தன் பின்னாலேயே வந்து தடுத்தான். மூடினால் மண் மேலே ஏறிப் போகிறேன், லுணுகலை எங்கும் ஓடிப்போகாது என்று சொல்லிவிட்டு அவள் படியில் கால் வைத்தாள்.